டவுசரில் ஒட்டிய வெள்ளை

பெரியப்பாவின் காரில் சாய்ந்து நின்றால் டவுசர் காட்டிக்கொடுத்துவிடும். கருநீலப் பள்ளிக்கூட டவுசர். போர்டு துடைக்கிற டஸ்டரால் யாரோ ஓங்கி அடித்த மாதிரி பின்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை. "காருல சாயாதலேன்னு எத்தன தடவ சொல்லுகேன்" என்று பெரியம்மா அடுக்களையிலிருந்தே சத்தம் போடுவாள். தட்டினால் போகாது, ஈரத்துணி வேண்டும்.

நாகர்கோவிலில் 1980களின் நடுவில் நடந்தது இது. கார் என்னைவிட மூத்தது, பெரியப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என்ன கம்பெனி என்பதில் காரியமில்லை. அந்தக் காலத்து வெள்ளைக் கார் எதுவானாலும் இருபது வருஷம் வெயிலில் நின்றால் இதே கதிதான். கூரையிலும் பானெட்டிலும் திருநீறு அப்பியது போல ஒரு பொடி. கதவுகளில் அது குறைவு. பம்பருக்குக் கீழே சேறு படிகிற இடத்தில் பெயின்ட் அப்படியே மினுங்கும். வெயில் நேராக விழுகிற இடங்கள் வெளுத்து, சாய்வாக விழுகிற இடங்கள் தப்பித்திருந்தன. பானெட்டில் விரலால் பெயர் எழுதுவோம். விரல் போன வழியில் மட்டும் கொஞ்சம் பளபளப்பு எட்டிப் பார்க்கும்.

ஒரு விஷயம் அப்போது புரியவே இல்லை. மழை பெய்து ஓய்ந்ததும் கார் புதுசாகிவிடும். ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறங்கியது போல மாமரத்தின் நிழல்கூட அதில் தெரியும். அரைமணி வெயில் அடித்தால் மறுபடி சுண்ணாம்புச் சுவர். பெரியப்பா சில ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். அன்றைக்கு மினுங்கும், மறுநாள் ஊர்ப்புழுதி எல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கும்.

"பெயின்ட் செத்துப்போச்சு" என்பார்கள் பட்டறையில். எனக்கு அந்தப் பொடியின் மேல் ஒரு கண் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் போனபோது, பாதை எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒரு கடற்கரையில் கொண்டுபோய் விட்டது.

கன்னியாகுமரிக்குப் போனவர்கள் பொட்டலம் கட்டி விற்கிற மணலைப் பார்த்திருப்பார்கள். கறுப்பு, சிவப்பு, அரிசிக் குருணை போல வெளிறிய ஒன்று. தேவியின் கல்யாணம் நின்றுபோய், சமைக்காமல் கிடந்த அரிசியும் தானியமும்தான் மணலாயிற்று என்று கதையோடு சேர்த்துத்தான் விற்பார்கள். சிவப்பு மணலின் பெயர் கார்னெட். கறுப்பு இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. மேற்கு மலையின் பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. கடல் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை வெறிகொண்டு அடிக்கும்போது லேசான வெள்ளை மணல் அடித்துக்கொண்டு போய்விடும், கனத்தது கரையிலேயே தங்கும். முறத்தில் புடைத்தால் பதர் பறந்து நெல் தங்குவது போலத்தான். நான் தேடிப் போய்ச் சேர்ந்த மணவாளக்குறிச்சிக் கரை கறுத்துக் கிடப்பது இப்படி.

அந்தக் கறுப்பில் ஒரு மணியை இந்தக் கதைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கறுப்பு மணலுக்குள் ஒளிந்திருப்பதை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்த வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார். 1791இல் ஓர் ஓடையோரக் கருமணலை எடுத்து ஆராய்ந்து, இதில் இதுவரை அறியாத ஓர் உலோகம் இருக்கிறது என்றார். நான்கு வருஷம் கழித்து ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ராத் அதற்கு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சரி, நூறு வருஷத்துக்கு மேல் அதனால் பெரிய பிரயோஜனம் ஒன்றுமில்லை.

நம் கரையின் மணலை உலகம் கவனித்ததும் வேறெதற்கோதான். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார். அப்போது காஸ் விளக்கு மேன்டில்களுக்குத் தோரியம் வேண்டியிருந்தது, தோரியம் மோனசைட்டில் இருந்தது. கயிற்றின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார்கள். மோனசைட்டைப் பிரித்த பிறகு மலையாக மிஞ்சிய இல்மனைட்டை யாரும் சீந்தவில்லை.

நிலைமை மாறியது வெள்ளைக்காகத்தான். அதுவரை வெள்ளை பெயின்ட் என்றால் ஈய வெள்ளை, இல்லையென்றால் துத்தநாக வெள்ளை. ஈயம் விஷம். துத்தநாகம் பூசினால் அடியில் இருப்பது தெரியும், இரண்டு மூன்று கோட்டிங் வேண்டும். 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் டையாக்சைடைத் தொழிற்சாலை அளவில் தயாரித்து விற்க ஆரம்பித்தார்கள். 1920களில் நம் கழிவு மணல் கப்பல் ஏறத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகச் சந்தையின் இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூர் மணல். மணவாளக்குறிச்சி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மணலை அனுப்பிவிட்டு வெள்ளையை விலைக்கு வாங்குவானேன் என்று 1946இல் திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்.

கறுப்பு எப்படி வெள்ளையாகிறது என்பது பார்க்க வேண்டிய காரியம். இல்மனைட்டை அரைத்துக் கடும் கந்தக அமிலத்தில் போட்டால் கொதித்துப் பொங்கிக் கருங்கட்டியாகும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குளிரவைத்தால் இரும்பு தனியாகப் பிரிந்து பச்சைப் படிகமாக இறங்கும். நம் நாட்டு மருந்துக்கடை ஆட்கள் அதைப் பார்த்தவுடன் அன்னபேதி என்பார்கள், சந்தேகமில்லாமல் அதேதான். இரும்பு போன கரைசலைக் காய்ச்சினால் திரிந்த பால் போல வெள்ளை படியும். அதை அலசி, சுழல்கிற பெரிய சூளையில் 900 டிகிரி வாக்கில் சுட்டெடுத்தால் டைட்டானியம் டையாக்சைடு. என் டவுசரில் ஒட்டிய வெள்ளை.

உண்மையில் அதற்கு நிறமே கிடையாது. சீனியின் ஒரு பரலை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், குவித்தால் வெள்ளை. உள்ளே புகுகிற ஒளி ஒவ்வொரு பரலிலும் வளைந்து திரும்பித் திரும்பி வெளியே வந்துவிடுகிறது. டைட்டானியம் டையாக்சைடு ஒளியை வளைப்பதில் வைரத்தையும் விஞ்சியது. அதை ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தூளாக்கிப் பிசினில் கலந்தால், தலைமுடியைவிட மெல்லிய பூச்சுகூட அடியில் இருப்பதை மறைத்துவிடும்.

இந்தப் பொடியில் இரண்டு ஜாதி. அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தில் வித்தியாசம். அனடேஸ் ஒன்று, ரூடைல் இன்னொன்று. முதலில் சந்தைக்கு வந்ததும், திருவனந்தபுரத்தில் செய்ததும் அனடேஸ். கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். வெயிலில் கொண்டுபோய் வைத்தால்தான் குணம் தெரியும்.

பொடி பெயின்ட் டப்பாவுக்குள் போகிறது. காருக்கான பெயின்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920களின் தொடக்கம் வரை காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும், செய்த வண்டிகள் கொட்டகை கொட்டகையாகக் காத்துக் கிடக்கும். 1920களில் டூகோ என்ற பெயரில் அமெரிக்காவில் வந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் சில மணி நேரத்தில் காய்ந்தது. அந்தப் பெயர் நம்மூர்ப் பட்டறைகளில் இன்னமும் இருக்கிறது. என்ன பெயின்ட் அடித்தாலும் "டூக்கோ அடிச்சது" என்று சொல்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு எண்ணெயும் பிசினும் கலந்த ஆல்கைட் எனாமல் வந்தது. பூசிச் சூட்டில் வேகவைத்தால் கெட்டிப்படும், பாலிஷ் போடாமலே மினுங்கும். பெரியப்பாவின் கார் பிறந்த காலத்தில் அதுதான் நடப்பு. தகரத்தின் மேல் பிரைமர், அதன்மேல் நிறம், அவ்வளவுதான். நிறத்துக்கு மேலே வேறு எதுவும் கிடையாது. நிறமே மேல்தோல். அதன் கனம் சுமார் 50 மைக்ரான், ஒரு தலைமுடியைவிடக் குறைவு.

இனி வெயில்.

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. பிசின் என்பது நீளநீளமான கார்பன் சங்கிலிகளின் பின்னல். அந்தக் கதிருக்குச் சங்கிலியை அறுக்கிற வலு உண்டு. வெறும் பிசினைப் பூசி வெயிலில் வைத்தால் கதிர் அடிவரை இறங்கிப் பின்னல் முழுவதையும் இற்றுப்போகச் செய்யும். டைட்டானியம் டையாக்சைடு இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. புற ஊதாக் கதிரை அது விழுங்கிவிடும், கீழே விடாது. அந்த மட்டில் அது பிசினுக்குக் குடை.

ஆனால் விழுங்கியதை என்ன செய்வது? அதுதான் வினை. விழுங்கிய சக்தி பொடியின் மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே கொஞ்சம் ஈரமும் காற்றின் ஆக்சிஜனும் இருந்தால், கண்டதையெல்லாம் கடிக்கிற வெறிபிடித்த மூலக்கூறுகள் பிறக்கின்றன. பக்கத்தில் இருப்பது பிசின்தான், அதைத்தான் கடிக்கும். மழையும் பனியும் அதற்குத் துணை. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்து, நடுவே நெற்றிப்பொட்டில் வெயில் அடிக்கிற எங்கள் ஜில்லாவைவிட இதற்குத் தோதான ஊர் வேறு வேண்டாம். மத்தியான வெயிலில் தகரம் கைவைக்க முடியாமல் கொதிப்பது இன்னொரு பக்கம். சூடு ஏற ஏற எல்லா வேதிவினையும் வேகம்பிடிக்கும்.

மேலே இருக்கிற பொடியைச் சுற்றிப் பிசின் தின்னப்பட்டுத் தீர்ந்ததும், பொடி பிடிமானமில்லாமல் தனியாக நிற்கிறது. பெயின்ட்காரர்கள் இதைச் சாக்கிங் என்பார்கள், சாக்பீஸ் போல உதிர்வதால். நான் டவுசரில் ஒட்டிக்கொண்டு போனது இந்த அநாதைப் பொடியைத்தான். அது போனதும் அடுத்த வரிசை வெளியே தெரியும், அதற்கும் இதே கதி. ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே இருப்பதை வெயிலிலிருந்து மறைத்துக்கொண்டே தன்னைச் சுற்றியிருப்பதைத் தின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் அழிவு அடிவரை ஒரேயடியாக இறங்காமல் மேலிருந்து மெதுவாக, தோல் உரிவது போல நடக்கிறது. தகரம் இருபது வருஷம் துருப்பிடிக்காமல் நின்றதற்கும், டவுசர் வெளுத்ததற்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு.

மழையில் கார் ஏன் புதுசானது என்பதும் இங்கேதான். பிசின் போன இடமெல்லாம் நுண்ணிய குழிகள். ஒளி அதில் பட்டு எட்டுத் திசையும் சிதறுவதால் மங்கல். குழியில் தண்ணீர் நிரம்பினால் மேற்பரப்பு மட்டமாகிவிடும், மாமரம் தெரியும். தண்ணீர் உலர்ந்தால் குழி குழிதான். பெரியப்பாவின் தேங்காயெண்ணெயும் இதே வேலையைத்தான் ஒரு நாள் கூடுதலாகச் செய்தது.

அனடேஸ் ரூடைலைவிட வெகுவேகமாகத் தின்னும். வீட்டுச்சுவர்ப் பெயின்டில் சில இடங்களில் வேண்டுமென்றே அனடேஸைக் கலந்தார்கள். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருந்தால் மழை அழுக்கோடு சேர்த்துக் கழுவிக்கொண்டு போகும், சுவர் எப்போதும் புதுவெள்ளையாக நிற்கும் என்ற கணக்கு. காருக்கு அது ஆகாது. ரூடைல் பொடியின் மேல் சிலிகாவும் அலுமினாவும் கொண்டு மெல்லிய சட்டை போட்டு, பொடிக்கும் பிசினுக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். உதிர்வது வெகுவாகக் குறைந்தது. நம் பக்கம் ரூடைல் செய்கிற ஆலை கொல்லத்துக்கு அருகே சவறாவில் 1980களின் நடுவில் ஓட ஆரம்பித்தது, பெரியப்பாவின் கார் ஏற்கெனவே கிழமாகிவிட்ட காலத்தில்.

இந்தத் தின்கிற குணத்தை ஜப்பானில் அகிரா ஃபூஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர் 1960களின் இறுதியில் வேறு விதமாகப் பார்த்தார். தண்ணீருக்குள் வைத்த ரூடைல் படிகத்தின் மேல் ஒளி படும்போது குமிழி எழுந்தது, தண்ணீரே பிளந்தது. 1972இல் அவரும் பேராசிரியர் ஹோண்டாவும் நேச்சர் இதழில் எழுதிய பிறகு உலகமே இதன் பின்னால் ஓடியது. இன்றைக்குத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஜன்னல் கண்ணாடி என்று விற்பதில் இருப்பது இதே பொருளின் கண்ணுக்குத் தெரியாத பூச்சு. பறவை எச்சத்தையும் புகையையும் அது தின்கிறது. எங்கள் வீட்டுக் காரில் தின்றது பெயின்டை என்பதால் யாரும் நேச்சருக்கு எழுதவில்லை.

1980களின் கடைசியில் ஒரு நாள் பெரியப்பா காரை ஒழுகினசேரிப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். பெயின்டர் அண்ணாச்சி முதலில் செய்த காரியம், பனியன் வேஸ்டை நனைத்துப் பானெட்டில் ஓர் இழு இழுத்து, அதைத் திருப்பிப் பார்த்தது. துணி வெள்ளை.

"பெயின்ட் செத்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மேல செத்துருக்கு மக்களே. அடியில உயிரு கெடக்கு. அத வெளிய எடுக்கணும்."

எடுத்த விதத்தை இன்றைக்கும் படம் வரைவேன். வாளித் தண்ணீரில் சோப்புக் கரைத்து, வாட்டர் பேப்பரை ஊறப்போட்டு, உள்ளங்கையை மட்டமாக வைத்து ஒரே திசையில் தேய்த்தார். தண்ணீர் பால் பாலாக ஓடியது. இடையிடையே கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியுமாம். பிறகு டப்பாவிலிருந்து ரப்பிங் காம்பவுண்டை விரலில் வழித்துச் சொட்டுச் சொட்டாக வைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கடைசியில் காய்ந்த துணி. நாலுவிரற்கடை அகலத்துக்கு ஒரு கண்ணாடி திறந்தது. அதில் பட்டறையின் கூரைத்தகடும் என் தலையும் தெரிந்தன.

பானெட்டின் நடுவே ஓடுகிற மேட்டுக்கு வந்ததும் கையை மெதுவாக்கினார். அந்த இடத்தில் பெயின்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும், கை அழுத்தமும் அங்கேதான் முழுவதும் விழும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் சாம்பல் நிறப் பிரைமர் பல்லிளித்துவிடும். "இது ரெண்டாவது ரப்பிங்கா, மூணாவதா?" என்று பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பாவுக்கு ஞாபகமில்லை. ஐம்பது மைக்ரானில் வெயில் தின்றது கொஞ்சம், ஒவ்வொரு முறையும் பளபளப்புக்காக நாம் தேய்த்துக் கழித்தது கொஞ்சம். அந்தக் கணக்கு அண்ணாச்சியின் விரலில் இருந்தது.

வெள்ளை பரவாயில்லை, சிவப்புதான் மோசம் என்றார் அவர். அது சரிதான். அந்தக் காலச் சிவப்புகள் பல கரிமச் சாயங்கள். வெயில் அங்கே பிசினோடு நிறத்தின் மூலக்கூறையே உடைத்துவிடும். ரத்தச் சிவப்பில் வாங்கிய கார் பத்து வருஷத்தில் இளஞ்சிவப்பாகி, கல்யாணப் பத்திரிகை நிறத்தில் வந்து நிற்கும். பிற்காலக் கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு வந்தது. அதற்குள் புற ஊதாவை வாங்கிக்கொள்கிற ரசாயனங்களைக் கலந்திருப்பார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அவை தீர்ந்த பிறகு அது பொடியாக உதிராது, வெயிலில் காய்ந்த அப்பளம் போல ஏடு ஏடாக எழும்பி உரியும். அதைத் தேய்த்து மீட்கவே முடியாது. சுரண்டிப் புதிதாக அடிக்க வேண்டியதுதான். டவுசரை வெளுத்த பழைய பூச்சுக்கு மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்கு இது ஒரு காரணம். அதற்கு வியாதி வந்தால் கைமருந்து இருந்தது.

மத்தியானம் அண்ணாச்சி டீ குடிக்கப் போனபோது டிக்கியைத் திறந்து பார்த்தேன். மூடியின் ஓரத்தில், ரப்பர் பீடிங்குக்கு உள்பக்கம், அதே வெள்ளை. அதே நாளில் அதே துப்பாக்கியால் அடித்தது. விரலால் தேய்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. இருபது வருஷத்தில் வெயில் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

பட்டறை வாசலில் வாளியைக் கவிழ்த்தார்கள். பிசினை வெயில் காற்றோடு கலந்துவிட்டது. டைட்டானியம் டையாக்சைடை வெயிலும் தின்னாது, மழையும் கரைக்காது. பால் தண்ணீர் ஓடையில் இறங்கிப் பழையாற்றுப் பக்கம் போனது. பழையாறு மணக்குடியில் கடலில் சேர்கிறது. அங்கிருந்து மேற்கே கரையோடு போனால் மணவாளக்குறிச்சி.

பெரியப்பா புதுக் காரில் ஏறுகிறவரைப் போலக் கதவைப் பதமாகச் சாத்தினார். "இனி சாயலாமா?" என்று கேட்டேன். "ஒரு வருஷம் சாயலாம்" என்றார் அண்ணாச்சி.